ஊசி இறங்கிய பிறகு: தடுப்பூசிப் புரதம் உடம்பில் எத்தனை நாள்?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை குறுக்கிடும் இடத்தில் வருகிறது நசரத்பேட்டை. கன்டெய்னர் லாரிகளும் கல்லூரிப் பேருந்துகளும் இரவு பகலாக ஓடும் ஊர். இப்படிப்பட்ட ஊரில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் தூக்கத்தில் இறந்துபோனார் என்று செய்தி வந்தால், துக்க வீட்டு வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் அடுத்து எழும் பேச்சை யாரும் ஊகித்துவிடலாம். "எல்லாம் அந்த கொரோனா ஊசி போட்டதுலேருந்துதான்." பக்கத்தில் இருப்பவர் இன்னும் ஒரு படி போவார்: "உள்ள போனது இன்னும் வெளியவே வரலையாம்."

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. அந்தப் பேச்சுக்குள் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. தடுப்பூசி போட்ட பிறகு உடம்புக்குள் உருவாகும் புரதம் எத்தனை நாள் தங்கும்? தங்கினால் கெடுதல் செய்யுமா? உலகின் முன்னணி ஆய்வகங்கள் இதே கேள்வியைத்தான் 2021 முதல் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. தங்குவது ஒன்று, கெடுப்பது இன்னொன்று. முடிச்சை அவிழ்த்தால்தான் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

ஒரு மரணமும் ஒரு மாநிலத்தின் அச்சமும்

தமிழ்நாட்டில் இந்த அச்சத்துக்குத் தேதி உண்டு. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மக்களும் அச்சமின்றிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. ஏப்ரல் 17 அதிகாலை அவர் மறைந்தார். வயது 59.

இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்தது என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். அத்தகைய கொழுப்புப் படிவு ஒரே நாளில் உருவாவதில்லை, ஆண்டுக்கணக்கில் சேர்வது. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அதே ஆண்டு அக்டோபரில், மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தது தற்செயல் என்று முடிவு சொன்னது. அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. முடிவு வந்து சேரும் முன்பே அச்சம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

விவேக் போட்டுக்கொண்டது கோவாக்சின் என்பது நம் கேள்விக்கு மிக முக்கியம். ஏனென்றால் கோவாக்சின் போட்டால் உடம்பு வைரஸின் எந்தப் புரதத்தையும் புதிதாகத் தயாரிப்பதில்லை. பாரத் பயோடெக் நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து உருவாக்கிய அந்த ஊசியில் இருப்பது வளர்த்து, வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்த முழு வைரஸ். ஒரு டோசுக்கு 6 மைக்ரோகிராம். உள்ளே போனது எவ்வளவோ அவ்வளவுதான், அது பெருகாது. ஹைதராபாத்தின் பயாலஜிக்கல் இ நிறுவனம் சிறுவர்களுக்காக வழங்கிய கோர்பிவேக்சும் இதே போலத்தான். கொரோனா வைரஸின் மேற்பரப்பில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தின் ஒரு துண்டை ஈஸ்டில் வளர்த்து, ஒரு டோசுக்கு 25 மைக்ரோகிராம் அளவில் நேரடியாகச் செலுத்துகிறார்கள். குழந்தைகளுக்கு ஆண்டாண்டாகப் போடும் மஞ்சள்காமாலை (ஹெப்படைட்டிஸ் பி) ஊசியின் வழியும் இதுவே.

கோவிஷீல்ட் வேறு வகை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் அஸ்ட்ராஜெனகாவும் உருவாக்கி, புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த இந்த ஊசியில் சிம்பன்சிக் குரங்குகளைத் தாக்கும் சளிக் காய்ச்சல் வைரஸ் ஒன்று வாகனமாகப் பயன்படுகிறது. பெருக முடியாதபடி அதன் மரபணுவில் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, கொரோனா ஸ்பைக் புரதத்தின் செய்முறையை ஏற்றி அனுப்புகிறார்கள். நம் செல்கள் அந்தச் செய்முறையைப் படித்து ஸ்பைக்கைத் தயாரிக்கின்றன. ஃபைசர், மாடர்னா ஊசிகள் வாகன வைரஸ் இல்லாமல் அதே செய்முறையை எம்.ஆர்.என்.ஏ. வடிவில், கொழுப்புத் துளிக்குள் வைத்து அனுப்புகின்றன. இந்தியாவில் போடப்பட்ட 220 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்களில் பெரும்பங்கு கோவிஷீல்ட். ஃபைசரும் மாடர்னாவும் நம் முகாம்களுக்கு வரவேயில்லை. சிங்கப்பூரிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் தமிழர்கள்தான் அவற்றைப் போட்டுக்கொண்டார்கள்.

ஆகவே "உடம்பு தயாரிக்கும் புரதம்" என்ற கேள்வி நசரத்பேட்டையில் கோவிஷீல்ட் போட்டவருக்கும், சிங்கப்பூரில் ஃபைசர் போட்ட அவருடைய தம்பிக்கும் பொருந்தும். பக்கத்து வீட்டில் கோவாக்சின் போட்டவருக்குப் பொருந்தாது. வாட்ஸ்அப் செய்திகள் இந்த வேறுபாட்டை ஒருநாளும் சொன்னதில்லை.

கடுகில் பத்தாயிரத்தில் ஒரு கூறு

ரத்தத்தில் இந்தப் புரதத்தை நேரடியாக அளந்து பார்த்த முதல் ஆய்வுகளில் ஒன்று பாஸ்டன் நகரிலிருந்து வந்தது. பிரிகாம் மருத்துவமனையில் டேவிட் வால்டின் ஆய்வகம், மாடர்னா போட்டுக்கொண்ட 13 சுகாதாரப் பணியாளர்களின் ரத்தத்தை அடுத்தடுத்த நாள்களில் எடுத்துப் பார்த்தது. சாதாரணப் பரிசோதனைகளுக்கு எட்டாத நுண் அளவையும் காட்டும் முறை அவர்களிடம் இருந்தது. 13 பேரில் 11 பேரிடம் ஸ்பைக்கின் எஸ்1 என்ற பகுதி தென்பட்டது, சிலரிடம் முதல் நாளிலேயே. ஐந்தாம் நாள் வாக்கில் உச்சம். சராசரியாக ஒரு மில்லிலிட்டருக்கு 68 பிகோகிராம். இரண்டு வாரத்துக்குள் அது மறைந்துவிட்டது. முழு ஸ்பைக் புரதம் மூன்று பேரிடம் மட்டும், சராசரியாகப் பதினைந்தாம் நாள் வாக்கில் தென்பட்டு மறைந்தது.

பிகோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு. பெரியவர் ஒருவரின் ரத்தத்தில் திரவப் பகுதி மட்டும் ஏறக்குறைய 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், உச்ச நாளில்கூட அவர் ரத்தத்தில் ஓடிய எஸ்1 மொத்தம் 0.2 மைக்ரோகிராம்தான். ஒரு கடுகின் எடை ஏறக்குறைய 2 மில்லிகிராம். அந்தக் கடுகைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு. ஊசி போட்ட தசையிலும் நிணநீரிலும் இதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும், அதை ரத்தப் பரிசோதனை காட்டாது. ஆனாலும் பேச்சு எந்த அளவைப் பற்றியது என்பது இதிலிருந்து விளங்கும்.

புரதம் மறைவதற்கும் காரணம் உண்டு. உடம்பில் எந்தப் புரதமும் நிலையானதல்ல. செல்லுக்குள் பழைய புரதங்களை நறுக்கிப் போடும் அமைப்பு எந்நேரமும் இயங்குகிறது. செய்முறை ஏட்டைச் சுமந்த எம்.ஆர்.என்.ஏ.வும் பெரும்பாலும் சில நாள்களில் சிதைகிறது. ஆன்டிபாடிகள் உருவாகத் தொடங்கியதும் மிதக்கும் ஸ்பைக்கைப் பற்றிக்கொண்டு, விழுங்கும் செல்களிடம் ஒப்படைக்கின்றன. ஸ்பைக்கைத் தயாரித்துக்கொண்டிருக்கும் செல்களை டி செல்கள் தேடி அழிக்கின்றன. பாஸ்டன் ஆய்வில் ஆன்டிபாடி ஏற ஏற, புரதம் இறங்கியது வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தது. கோவிஷீல்டைப் பொறுத்தவரை எலிகளில் நடத்திய பரவல் சோதனையில், வாகன வைரஸின் மரபணு ஊசி போட்ட தசையில்தான் மிகுதியாக இருந்தது. ஏனைய உறுப்புகள் பெரும்பாலானவற்றில் 29-ஆம் நாளில் அளவிட முடியாத நிலைக்கு இறங்கியிருந்தது.

நெறி கட்டிய அக்குளில் என்ன நடக்கிறது

ஊசி போட்ட இரண்டாம் நாள் பலருக்கு அந்தப் பக்கத்து அக்குளில் நெறி கட்டியது நினைவிருக்கும். கையைத் தூக்கினால் வலி, தொட்டால் நெல்லிக்காய் போல ஒரு கட்டி. அது நிணநீர்க்கணு. உடம்பின் பாதுகாப்புப் படைக்கு அதுதான் பயிற்சிக்கூடம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.ஆர்.என்.ஏ. ஊசி போட்டவர்களின் அக்குள் நெறியிலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் 'செல்' இதழில் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. இரண்டாம் டோஸ் போட்டு 60 நாள் வரையிலும் அங்கே ஸ்பைக் புரதமும் ஊசியின் எம்.ஆர்.என்.ஏ.வும் இருந்தன. சில நாள்களில் எல்லாம் கரைந்துவிடும் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது இதனால் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் வரவேற்க வேண்டியது. அறிவியல் தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வழி அதுதான்.

ஆனால் அந்த 60 நாளைக் கேடு என்று படிப்பது தவறு. நெறிக்குள் இருக்கும் ஒருவகைச் செல்கள், வந்த புரதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. எந்தச் செல் இறுகப் பற்றுகிறதோ அது தேர்ச்சி பெறுகிறது. இந்தத் தேர்வு வாரக்கணக்கில் நடப்பதால்தான் ஆன்டிபாடியின் தரம் மாதங்கள் ஓட ஓட உயர்கிறது. புரதம் அங்கே தங்குவது தடுப்பூசி வேலை செய்யும் முறையின் ஒரு பகுதி. அதே ஆய்வில், கடுமையான கொரோனா தொற்றில் இறந்தவர்களின் நிணநீர்க்கணுக்களில் இந்தப் பயிற்சிக்கூட அமைப்பே சிதைந்திருந்தது.

நெறிக்கு வெளியே? ஹார்வர்டு சார்ந்த ஒரு குழு, தடுப்பூசி போட்ட பின் வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடற்கூறுகளை ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டது. 30 நாளுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோரின் அக்குள் நெறியில் ஊசியின் எம்.ஆர்.என்.ஏ. இருந்தது, சிலருடைய இதயத் தசையிலும் இருந்தது. 30 நாள் கடந்து இறந்தவர்களிடம் அது தென்படவில்லை. டென்மார்க்கில் ரத்தத்தைப் பார்த்தவர்கள் 28 நாள் வரை ஊசியின் எம்.ஆர்.என்.ஏ. துணுக்குகளைக் கண்டார்கள். ஆக, பெரும்பாலோருக்கு நாள் கணக்கு, நெறிக்குள் வாரக் கணக்கு, அரிதாக இரண்டு மாதம். இதுவரை கிடைத்த சான்றுகளின் நடுப்பகுதி இது.

ஓரத்திலும் சில சான்றுகள் இருக்கின்றன. அவற்றை மறைப்பது மக்களுக்குச் செய்யும் நன்மையாகாது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியும் ஹார்லன் குரும்ஹோல்சும் நடத்தும் ஆய்வு, 2025 பிப்ரவரியில் முன்வெளியீடாக வந்தது. ஊசி போட்ட பிறகு நீங்காத களைப்பு, கைகால் எரிச்சல், மூளை மந்தம், தூக்கமின்மை என்று அவதிப்படும் 42 பேரையும் அத்தகைய தொல்லையில்லாத 22 பேரையும் ஒப்பிட்டார்கள். அவதிப்படுவோரில் சிலருடைய ரத்தத்தில் ஸ்பைக் தென்பட்டது. ஒருவரிடம் ஊசி போட்டு 709 நாள் கழித்து. எண்ணிக்கை சிறியது. அந்தப் புரதம் எங்கிருந்து வருகிறது என்பதும், அதுதான் அவதிக்குக் காரணமா என்பதும் இந்த ஆய்வில் தீர்மானிக்கப்படவில்லை. பெரிய ஆய்வுகள் வேண்டும் என்று ஆய்வாளர்களே வலியுறுத்தினார்கள். ஆனால் நோயாளி சொல்வதைக் கேட்டு, ரத்தத்தை எடுத்துப் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய நேர்மை அந்த ஆய்வில் இருக்கிறது.

ஸ்பைக் நீண்ட நாள் தங்குவது ஊசிக்கு மட்டும் உரியதும் அல்ல. நீடித்த கோவிட் எனப்படும் தொல்லையால் அவதிப்பட்ட 37 பேரை அதே பாஸ்டன் ஆய்வகம் 2022-இல் பார்த்தபோது, ஏறக்குறைய 60 சதவீதத்தினர் ரத்தத்தில் ஓராண்டு வரையிலும் ஸ்பைக் விட்டுவிட்டுத் தென்பட்டது. இயற்கைத் தொற்றில் வைரஸ் நுரையீரல், குடல், மூளை என்று பரவிப் பெருகுகிறது. தொற்றால் இறந்தவர்களின் உடற்கூறாய்வில் 230 நாள் வரை வைரஸின் மரபணு கிடைத்திருக்கிறது.

கெடுதல் வரும் வழியும் அதன் கெடுவும்

தடுப்பூசியால் கெடுதலே இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. நிறுவப்பட்ட கெடுதல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி வழி, தனிக் காலக்கெடு.

கோவிஷீல்டைப் பொறுத்தவரை முதலில் சொல்ல வேண்டியது ரத்தம் உறைந்து, கூடவே பிளேட்லெட் குறையும் நோய். 2021 மார்ச்சில் ஜெர்மனியிலும் நார்வேயிலும் முதலில் அடையாளம் காணப்பட்டது. இதற்குக் காரணம் ஸ்பைக் புரதம் அல்ல. பிளேட்லெட்டுகள் சுரக்கும் பி.எஃப்.4 என்ற நம் சொந்தப் புரதத்துடன் வாகன வைரஸின் மேற்பரப்பு ஒட்டிக்கொள்கிறது. அபூர்வமாகச் சிலருடைய உடம்பு அந்தச் சேர்க்கையைப் பகையென்று கருதி ஆன்டிபாடி தயாரிக்கிறது. அந்த ஆன்டிபாடி பிளேட்லெட்டுகளைத் தூண்டிவிட, மூளையின் ரத்தநாளங்களில்கூட உறைவு ஏற்படுகிறது. பெரும்பாலும் ஊசி போட்ட ஐந்தாம் நாளுக்கும் முப்பதாம் நாளுக்கும் இடையில் வருகிறது. இந்தியத் தேசியக் குழு 498 தீவிர நிகழ்வுகளை ஆராய்ந்து, 26 உறைவு நிகழ்வுகளைக் கண்டது. பத்து லட்சம் டோசுக்கு 0.61 என்று 2021 மே மாதம் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அதே அறிவிப்பு பிரிட்டனின் விகிதத்தைப் பத்து லட்சத்துக்கு 4 என்றும் ஜெர்மனியின் விகிதத்தை 10 என்றும் குறிப்பிட்டது. தெற்காசியர்களுக்கு இயல்பிலேயே இந்த ஆபத்து குறைவு என்ற விளக்கம் தரப்பட்டது. நம் மருத்துவமனைகளிலிருந்து மேலே போகாத தகவல்களும் அந்த வேறுபாட்டில் இருக்கக்கூடும்.

மூன்றாண்டு கழித்து, 2024-இல், இந்த நோய் மிக அரிதாக வரலாம் என்று அஸ்ட்ராஜெனகா லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தபோது தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் அதிர்ந்தன. புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசப்பட்டது. உண்மையில் 2021-லேயே ஊசியின் குறிப்பேட்டில் அந்த எச்சரிக்கை சேர்க்கப்பட்டிருந்தது. 2021-இல் ஊசி போட்டவருக்கு அந்த ஆபத்தின் கெடு ஆறு வாரத்தில் முடிந்துவிட்டது என்பதைத்தான் அன்று யாரும் உரக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது, எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளுக்குப் பின் வரும் இதயத் தசை அழற்சி. பெரும்பாலும் பதின்வயது, இருபதுகளில் உள்ள ஆண்களுக்கு, இரண்டாம் டோசுக்குப் பின் ஒரு வாரத்துக்குள் நெஞ்சுவலியாக வந்தது. இங்கே ஸ்பைக் மீதான சந்தேகம் நியாயமானது. அழற்சி வந்த 16 இளையோரையும், ஊசி போட்டு நலமாக இருந்த 45 பேரையும் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2023 ஜனவரியில் எழுதினார்கள். ஆன்டிபாடி அளவில் வேறுபாடில்லை. ஆனால் அழற்சி வந்தவர்களின் ரத்தத்தில், ஆன்டிபாடி பிடிக்காத முழு ஸ்பைக் சராசரி 34 பிகோகிராம் அளவில் மிதந்தது. நலமாக இருந்தவர்களிடம் அப்படி எதுவும் இல்லை. ஸ்பைக்தான் தீங்கு செய்ததா, வேறொரு கோளாறின் அடையாளமாக மிதந்ததா என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

சிங்கப்பூர் இதை எப்படி எதிர்கொண்டது என்பதைப் பார்க்க வேண்டும். 2021-இல் அங்கே 16 வயது மாணவர் ஒருவர் ஃபைசர் முதல் டோஸ் போட்ட ஆறாம் நாள், உடற்பயிற்சிக் கூடத்தில் அதிக எடையைத் தூக்கிய பிறகு, இதயம் நின்று சரிந்தார். தீவிர சிகிச்சை அவரைக் காப்பாற்றியது. ஊசியால் வந்த இதயத் தசை அழற்சியாக இருக்கலாம் என்று அரசே வெளிப்படையாக அறிவித்து, இழப்பீட்டுத் திட்டத்தின்கீழ் 2,25,000 சிங்கப்பூர் டாலர் வழங்கியது. இளையோர் ஊசிக்குப் பின் கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்ற அறிவுரையும் கண்டிப்பாக்கப்பட்டது. மறைக்காமல் சொன்னதால் அங்கே தடுப்பூசித் திட்டம் நின்றுவிடவில்லை.

அயப்பாக்கத்திலிருந்து ஒரு விடை

திடீர் மரணங்கள் பற்றிய கேள்விக்கு விடை தேடியவர்கள் நசரத்பேட்டையிலிருந்து வெகு தொலைவில் இல்லை. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். மனோஜ் முர்ஹேகர் தலைமையில் அங்கிருந்து நடத்தப்பட்ட ஆய்வில் நாடு முழுவதும் 47 மருத்துவமனைகள் பங்கேற்றன. 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை, அதுவரை நலமாக இருந்து, காரணம் விளங்காமல் திடீரென இறந்த 18 முதல் 45 வயது வரையிலான 729 பேரை எடுத்துக்கொண்டார்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் அதே வயது, அதே பாலினம், அதே பகுதியில் வாழும் நான்கு பேர் என்று 2,916 பேரை ஒப்பீட்டுக்குச் சேர்த்தார்கள். இறந்தவர் வீட்டுக்கே போய்ப் பேசினார்கள்.

ஊசிதான் காரணமாக இருந்திருந்தால், இறந்தவர்களிடையே ஊசி போட்டவர்களின் விகிதம் கூடியிருக்க வேண்டும். கிடைத்தது அதற்கு நேர்மாறு. இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் திடீர் மரண வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது. வாய்ப்பைக் கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நேர்ந்த வரலாறு, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிய மது, அதே 48 மணி நேரத்தில் கடும் உடலுழைப்பு, புகைபிடித்தல். உடல்நலத்தில் கவனமுள்ளவர்களே முந்திப்போய் ஊசி போட்டிருப்பார்கள் என்பதால், பாதி என்ற கணக்கு சற்று மிகையாக இருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் ஊசி மரணத்தைக் கூட்டியது என்று காட்ட அந்த ஆய்வில் எதுவுமில்லை.

இன்னொரு கணக்கு இன்னும் அருகில் எடுக்கப்பட்டது. 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, தமிழ்நாடு காவல்துறையினர் 1,17,524 பேரின் தடுப்பூசி விவரத்தையும் கொரோனா மரணங்களையும் இந்த நிறுவனம் ஒப்பிட்டது. அந்த ஒரு மாதத்தில் இறந்த காவலர்கள் 31 பேர். ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டு டோஸும் போட்ட 67,673 பேரில் 4 பேர். சோதனைச்சாவடியிலும் சுடுகாட்டு வாசலிலும் நின்றவர்களின் கணக்கு இது.

ஆனால் அயப்பாக்கம் ஆய்வு எண்ணியது மரணத்தை, புரதத்தை அல்ல. ஊசிக்குப் பின் நீங்காத களைப்போடு இருக்கும் ஒருவருக்கு அதில் விடையில்லை. யேல் போன்ற ஆய்வை இங்கே செய்வதும் எளிதல்ல. எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளின் ஸ்பைக்கில் இரண்டு இடங்களில் வேண்டுமென்றே சிறு மாற்றம் செய்திருப்பதால், அதைத் தொற்றின் ஸ்பைக்கிலிருந்து பிரித்தறிய வழியுண்டு. கோவிஷீல்டின் ஸ்பைக்கில் அந்த மாற்றம் இல்லை. வைரஸின் ஸ்பைக்கும் அதுவும் ஒன்று போலவே இருக்கும். மேலும் 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது தேசிய ரத்த மாதிரிக் கணக்கெடுப்பிலேயே 67.6 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. அதன்பின் ஒமைக்ரான் ஊரையே சுற்றி வந்தது. இன்று நசரத்பேட்டையில் ஒருவர் ரத்தத்தில் ஸ்பைக் தென்பட்டால், அது ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரிப்பது கடினம். 2021-லேயே ரத்த மாதிரிகளைச் சேமித்துத் தொடர்ந்து பார்த்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

நமக்கு இது புதிதல்ல

தடுப்பூசிப் பொருள் உடம்பில் தங்குவதை இந்த வட்டாரம் முன்பே அறியும். நம் இடது தோளில் இருக்கும் பி.சி.ஜி. தழும்பு, உயிருள்ள கிருமியைச் செலுத்தி, அது வாரக்கணக்கில் தோலுக்குள் இருந்து புண்ணாகி ஆறியதன் அடையாளம். கிண்டியில் 1948-இல் தொடங்கிய ஆய்வகம்தான் அதைத் தயாரித்தது. 1968-இல் அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னைக்கு மேற்கே உள்ள கிராமங்களில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு வந்தபோது, அதை மறைக்காமல் உலகுக்குச் சொன்னார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் ஊசி தொடர்கிறது.

போலியோ சொட்டு மருந்தும் அப்படித்தான். அதிலுள்ள உயிருள்ள வைரஸ் குழந்தையின் குடலில் சில வாரம் வளர்ந்து வெளியேறும். நோய் எதிர்ப்புக் குறைபாடுள்ள ஒருவர் பிரிட்டனில் 28 ஆண்டுகள் அதை வெளியேற்றிக்கொண்டிருந்தார். மிக அபூர்வமாக அந்தச் சொட்டு மருந்தே வாதத்தைக் கொண்டுவந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் இதை ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சொல்லி, செயலிழந்த வைரஸ் ஊசிக்கு மாற வேண்டும் என்று வாதாடினார். 2015 நவம்பரில் இந்தியாவின் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் அந்த ஊசி சேர்ந்தது. தடுப்பூசியின் அருமை தெரிந்தவரே அதன் அரிய கெடுதலையும் அஞ்சாமல் பேசினார். அதனால் திட்டம் வலுப்பெற்றது.

கொரோனா ஊசியிலும் அந்த வெளிப்படைத்தன்மை தேவை. 2022 மே 2 அன்று, கொரோனா தடுப்பூசி தொடர்பான ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதிப்புகளைப் பொதுமக்களும் தனியார் மருத்துவர்களும் நேரடியாகப் பதிவுசெய்ய எளிய வழி வேண்டும், அந்தத் தகவல் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில், தடுப்பூசிக்குப் பின் இறந்த இரண்டு இளம்பெண்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில், இழப்பீட்டுக்கு அரசு பொறுப்பாகாது, வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்று ஒன்றிய அரசு பதில் மனு அளித்தது. அந்தப் பதில் ஒரு நலவாழ்வு அரசுக்கு அழகல்ல. கோடிக்கணக்கானோர் பிழைக்க ஒரு சிலர் அடிபட்டிருந்தால், அவர்களைத் தேடிப்போய்த் தாங்குவது எல்லாருடைய கடன். நீங்காத தொல்லையுள்ளவர்களுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் தனிப் பதிவேடும் முறையான ரத்தப் பரிசோதனையும் தேவை. அதை வழிநடத்தும் தகுதி அயப்பாக்கத்துக்கு உண்டு.

வாசகர்களுக்கும் சில வேண்டுகோள்கள். எந்த ஊசி, எந்தத் தேதி என்று காட்டும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். குழந்தைக்கு ஊசி போட்டால் அரை மணி நேரம் போட்ட இடத்திலேயே இருங்கள். அடுத்த நாள்களில் வழக்கத்துக்கு மாறாக எது வந்தாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்பது வயதில் நெஞ்சு கனத்து, இடது கை வலித்து, வியர்த்துக் கொட்டினால், 2021-இல் போட்ட ஊசியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அந்த ஊசியின் புரதம் பெரும்பாலோர் உடம்பை விட்டு அந்த ஆண்டே போய்விட்டது. அடைபட்டுக்கொண்டிருக்கும் ரத்தக்குழாயை எவ்வளவு விரைவாகத் திறக்கிறார்களோ, அவ்வளவுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.